அமெரிக்க அரசு முடங்கும்போது கிரெடிட் யூனியன் என்ன செய்ய வேண்டும்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 இல் பிறக்கிறது. அதற்குள் செலவின மசோதாவோ தற்காலிக நீட்டிப்போ நிறைவேறாவிட்டால், ஒதுக்கீடு இல்லாத துறைகள் கதவைச் சாத்த வேண்டியதுதான். 2013 இல் 16 நாள். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள். 2018-19 முடக்கத்தில் சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் உட்காரவில்லை. விமான நிலையச் சோதனைச் சாவடியிலும் சிறையிலும் கடலோரக் காவல் படகிலும் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள்.

இவர்களில் பலருடைய சம்பளக் கணக்கு ஏதாவதொரு கிரெடிட் யூனியனில் இருக்கும். நம் ஊர் அரசு ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தையும் ஒரு வங்கியையும் சேர்த்துப் பிசைந்தால் கிடைப்பது கிரெடிட் யூனியன். உறுப்பினர்தான் உரிமையாளர், ஏ.டி.எம். கார்டு முதல் வீட்டுக்கடன் வரை எல்லாமும் உண்டு. 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இவற்றில் கணிசமானவை ஏதோ ஒரு அரசுத் துறை ஊழியர்களுக்காகவே தொடங்கப்பட்டவை. ஆகவே முடக்கம் வந்தால் ஒரே நாளில் பாதி உறுப்பினர்களுக்குச் சம்பளம் நிற்கும் சங்கங்களும் உண்டு.

அப்படிப்பட்ட சங்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் இயக்குநர் குழுவில் இருப்பவர்களுக்கும் எழுதியது இது. உறுப்பினராக மட்டும் இருப்பவர்கள் எதைக் கேட்டு வாங்கலாம் என்று தெரிந்துகொள்ளவும் உதவும்.

சம்பளம் தாமதமாகிறவர், சம்பளத்தை இழக்கிறவர்

எல்லா உதவியையும் இந்தப் பிரிவினையின் மேல்தான் கட்ட வேண்டும். மத்திய அரசின் நேரடி ஊழியருக்கு 2019 ஜனவரி 16 இல் கையெழுத்தான சட்டம் ஒன்று பாதுகாப்பு தருகிறது. முடக்கம் முடிந்ததும் நிலுவைச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். 2025 அக்டோபரில் வெள்ளை மாளிகைத் தரப்பே இந்தச் சட்டத்துக்கு வேறு பொருள் சொல்லிப் பார்த்தது. கடைசியில் முடக்கத்தை முடித்த சட்டத்திலேயே நிலுவைச் சம்பளம் உறுதி செய்யப்பட்டது. இவர்களுடைய சிக்கல் தேதி சம்பந்தப்பட்டது. பணம் வரும், எப்போது என்றுதான் தெரியாது.

ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் கதை வேறு. அரசுக் கட்டடத்தைப் பெருக்குபவர், காவலாளி, உணவகச் சமையல்காரர், கணினி ஒப்பந்ததாரர் ஆகியோருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. முடக்கத்தில் போன சம்பளம் போனதுதான். ராணுவத் தளத்துக்கு வெளியே சாண்ட்விச் கடை நடத்துபவருக்கும் அதே நிலைதான்.

முதல் கூட்டத்துக்குக் குறுகிய கால முன்கடன் சரியான மருந்து. அதையே இரண்டாம் கூட்டத்துக்குக் கொடுத்தால், திருப்பிக் கட்ட வழியில்லாத கடனை அவர் தலையில் வைத்தவர்கள் ஆவோம். ஒரே திட்டத்தை அறிவித்து இருவரையும் அதில் தள்ளுவதுதான் சங்கங்கள் செய்யும் முதல் தவறு.

நாட்காட்டியை முதலில் வரையுங்கள்

முடக்கம் தொடங்கிய அன்றே யாருக்கும் பணம் நிற்பதில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முந்தைய இரண்டு வார உழைப்புக்குச் சம்பளம் வருகிறது. 2018-19 இல் முடக்கம் டிசம்பர் 22 இல் தொடங்கினாலும், முதல் வெறும் சம்பளத் தேதி ஜனவரி 11. 2025 இல் அக்டோபர் 10 ஐ ஒட்டி வந்த சம்பளம் செப்டம்பர் 30 வரைக்கான பாதிச் சம்பளம். முழுதாக நின்றது அக்டோபர் 24 ஐ ஒட்டி. துறைக்குத் துறை ஓரிரு நாள் முன்பின் இருக்கும். படைவீரர்களுக்கு மாதம் 1, 15 ஆகிய தேதிகளில் சம்பளம்.

ஆக, தொடக்கத்துக்கும் வலிக்கும் நடுவே மூன்று வாரம் வரை கிடைக்கிறது. இதை வீணடிக்கக் கூடாது. பாதிச் சம்பளம் வரும் நாளன்று தொலைபேசி மணி ஓயாமல் அடிக்கும். விண்ணப்பம் அதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும். சுவரில் ஒரு தாள் ஒட்டி, சம்பளத் தேதிகளை ஒரு வரிசையிலும் உறுப்பினர்களின் வீட்டுக்கடன், கார்க்கடன் தவணைத் தேதிகளை அடுத்த வரிசையிலும் எழுதுங்கள். இரண்டும் மோதும் இடத்தில்தான் உங்கள் ஆட்கள் அதிகம் தேவைப்படுவார்கள்.

எந்தத் துறைக்கு ஒதுக்கீடு இருக்கிறது என்பதும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2018-19 இல் பாதுகாப்புத் துறைக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கியிருந்ததால் தரைப்படைக்கும் கடற்படைக்கும் சம்பளம் வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் கடலோரக் காவல் படைக்கு ஜனவரி 15 இல் வரவில்லை. சீருடை போட்டவர் எல்லாரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

யார் பாதிக்கப்படுவார் என்ற பட்டியல்

உறுப்பினர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். அரசின் ரகசியங்களைக் கையாளும் அனுமதி வைத்திருப்பவர்களுக்குக் கடன் தவறுவது வேலைக்கே உலை வைக்கும். அனுமதியைப் புதுப்பிக்கும்போது நிதி நிலைமையும் ஒரு கேள்வி. அதனால் வெளியே சொல்லாமல் கிரெடிட் கார்டில் தேய்த்துச் சமாளிப்பார்கள்.

வழி எளிது. கடந்த 90 நாளின் டைரக்ட் டெபாசிட் வரவுகளை எடுத்து வடிகட்டுங்கள். அரசுக் கருவூலத்திலிருந்து வருபவற்றில் 'ட்ரெஸ் 310' என்ற குறி இருக்கும். அதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும் வரி ரீஃபண்டும் அதே குறியோடுதான் வருகின்றன. பக்கத்தில் 'ஃபெட் சால்' போன்ற சம்பள விவரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படைவீரர் சம்பளமும் பாதுகாப்புத் துறை ஊழியர் சம்பளமும் அந்தத் துறையின் நிதிக் கணக்கு அமைப்பான 'டி.எஃப்.ஏ.எஸ்.' என்ற பெயரில் வரும். வேளாண் துறையின் தேசிய நிதி மையம், உள்துறையின் வணிக மையம், பொதுச் சேவை நிர்வாகம் ஆகியவையும் பல துறைகளுக்குச் சம்பளம் போடுகின்றன.

ஒவ்வொருவருக்கும் கடைசி மூன்று வரவின் சராசரி, சங்கத்தில் உள்ள கடன்கள், அடுத்த தவணைத் தேதி, சேமிப்பு இருப்பு ஆகிய நான்கையும் ஒரே வரியில் கொண்டுவாருங்கள். சேமிப்பு ஒரு மாதச் சம்பளத்துக்குக் கீழே உள்ளவர்களை முதலில் அழைக்கலாம். ஓய்வூதியர்களை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, 'உங்கள் பணம் வழக்கம்போல வரும்' என்று ஒரு வரிச் செய்தி அனுப்பினால் பாதி அழைப்புகள் குறையும்.

கையில் பணம் இருக்கிறதா

உதாரணத்துக்கு 1,200 அரசு ஊழியர்கள், சராசரி நிகரச் சம்பளம் 1,900 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சம்பளம் நின்றால் 22.8 லட்சம் டாலர் உள்ளே வராது. மூன்று சம்பளம் நின்றால் 68.4 லட்சம்.

இந்தத் தொகையோடு முன்கடனையும் கூட்டி இரட்டிப்பாகக் கணக்கிட்டு மிரண்டு போகும் குழுக்கள் உண்டு. உண்மையில் உறுப்பினர் செலவு செய்யும் அளவு மாறப்போவதில்லை. முன்கடன் கொடுத்தாலும், அவர் தன் சேமிப்பை எடுத்தாலும், வெளியே போவது அதே பணம்தான். கூடுதலாகச் சேர்க்க வேண்டியது தவணை ஒத்திவைப்பால் வராமல் போகும் தொகை ஒன்றுதான்.

இந்தக் கூட்டுத்தொகை உங்கள் ரொக்கத்தையும் எளிதில் விற்கக்கூடிய முதலீட்டையும் தாண்டினால், கடன் வசதியை முன்பே திறந்து சோதித்துப் பாருங்கள். கிரெடிட் யூனியன்களுக்கே கடன் தரும் கார்ப்பரேட் கிரெடிட் யூனியன், கூட்டாட்சி வீட்டுக்கடன் வங்கி, மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் நிதி நிறுவனங்களுக்குக் குறுகிய காலக் கடன் தரும் 'தள்ளுபடிச் சாளரம்' எல்லாம் உண்டு. ஈடு வைக்கும் ஆவணங்கள் முடிய நாளாகும். பணம் தேவைப்படும் வாரத்தில் விண்ணப்பித்தால் அந்த வாரத்தில் கிடைக்காது. ஒரு சிறு தொகையை எடுத்து மறுநாளே திருப்பிக் கட்டிப் பார்ப்பது நல்லது. கையெழுத்து அதிகாரம் பெற்றவர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதமாகிவிட்டது என்பது அப்போதுதான் தெரியவரும்.

கிரெடிட் யூனியன்களை மேற்பார்வை செய்யும் தேசிய நிர்வாகம் அரசு ஒதுக்கீட்டில் ஓடுவதில்லை, சங்கங்கள் கட்டும் கட்டணத்தில் ஓடுகிறது. அதனால் அது மூடப்படாது. 2,50,000 டாலர் வரை வைப்புக் காப்பீடும் அப்படியே இருக்கும். முகப்பில் இதைக் கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

சம்பள முன்கடன்: எப்படி வடிவமைப்பது

அமெரிக்காவின் மிகப் பெரிய கிரெடிட் யூனியனான நேவி ஃபெடரல், சம்பளம் தன்னிடம் வரவு வைக்கப்படும் உறுப்பினர்களுக்கு வட்டியில்லாக் கடன் தருகிறது. சம்பளம் மீண்டும் வந்ததும் திரும்பிப் பிடித்துக்கொள்கிறது. பெரிய சங்கத்துக்குத்தான் இது கட்டுப்படும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

1,900 டாலர், 45 நாள், உங்கள் பணத்தின் அடக்கச் செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் என்றால் செலவு 9 டாலர் 37 சென்ட். ஒரு விண்ணப்பத்தைக் கடன் அதிகாரி கையால் பரிசீலிக்கும் ஒரு மணி நேரத்துக்கே இதைவிட அதிகமாகும். 6 சதவீத வட்டி வாங்கினால் கிடைப்பது 14 டாலர். அந்த 14 டாலருக்காக வட்டி விவரப் படிவம் அனைத்தையும் நிரப்ப வேண்டும். நிதிக் கட்டணமே இல்லாத, நான்கு தவணைக்கு மேற்படாத கடனுக்கு, கடன் விவரங்களை வெளிப்படையாகச் சொல்ல வைக்கும் மத்திய விதியான ரெகுலேஷன் இசட் பொருந்தாது. வட்டியையும் கட்டணத்தையும் முழுதாக விட்டு ஒரே தவணையாக எழுதினால் விதிகளின் பாரம் பெரிதும் குறைகிறது. ஆகவே வட்டியில்லாமல் கொடுங்கள், கருணைக்காக மட்டும் சொல்லவில்லை.

வடிவம் இப்படி இருக்கலாம்.

1. தொகை: கடைசி மூன்று நிகர வரவின் சராசரியில் 85 முதல் 90 சதவீதம். முழுச் சம்பளம் கூடாது. முடக்கக் காலத்து மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் நிலுவையாகச் சேர்ந்து, ஊழியர் திரும்பியதும் மொத்தமாகப் பிடிக்கப்படும். ஓவர்டைமும் முதல் நிலுவை வரவில் சேராமல் போகலாம். 100 சதவீதம் கொடுத்தால், திரும்பப் பிடிக்கும்போது உறுப்பினரின் கணக்கு மைனசில் போகும்.

2. எண்ணிக்கை: நின்ற ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஒரு கடன். மொத்தமாக முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். ஐந்தாம் நாளே முடக்கம் முடிந்தால் தேவையில்லாத கடன் நிற்கும்.

3. பரிசீலனை: கிரெடிட் ஸ்கோர் எடுக்க வேண்டாம். இரண்டு சம்பளமாவது இங்கே வரவாகியிருக்க வேண்டும், சங்கத்துக்கு ஏற்கெனவே 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கக் கூடாது, திவால் மனு நிலுவையில் இருக்கக் கூடாது. மூன்று நிபந்தனை போதும். மறுத்தால், மற்றக் கடன்களைப் போலவே 30 நாளுக்குள் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

4. சான்று: வேலைக்கு வர வேண்டாம் என்று துறை தரும் கட்டாய விடுப்புக் கடிதத்தைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். சம்பளமின்றி வேலைக்கு வரச் சொல்லப்பட்டவருக்கு அந்தக் கடிதம் இருக்காது. நெருக்கடியில் மாட்டியவர் அவர்தான். வரவுப் பதிவே சான்று. வேறு வங்கியில் சம்பளம் வாங்குபவருக்கும் தருவதாக இருந்தால், வரவு நிபந்தனைக்குப் பதிலாகக் கடைசி இரண்டு சம்பளச் சீட்டைக் கேளுங்கள்.

5. திருப்பிக் கட்டும் தேதி: 'நிலுவைச் சம்பளம் வரும் நாள் அல்லது 90 ஆம் நாள், எது முந்தியதோ அது.' 90 ஆம் நாளும் வராவிட்டால் 6 அல்லது 12 மாதத் தவணைக் கடனாக மாற்றிக்கொள்ளும் வழியை அதே தாளில் எழுதுங்கள். அப்படி மாற்றினால் தவணை நான்கைத் தாண்டுவதால் ரெகுலேஷன் இசட் படிவங்கள் வந்துவிடும். அவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

6. தானாகப் பிடித்துக்கொள்வது: இங்கேதான் பல சங்கங்கள் வழுக்குகின்றன. கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கச் சம்மதித்தால்தான் கடன் என்று நிபந்தனை போட, மின்னணுப் பணமாற்றத்துக்கான மத்திய விதியான ரெகுலேஷன் இ இடம் தருவதில்லை. நம் சங்கத்துக்குள்ளேயே நடக்கும் மாற்றுதானே, விதி பொருந்தாது என்று வாதிடுவார்கள். மற்ற விதிகளிலிருந்து அதற்கு விலக்கு உண்டு, இந்தத் தடையிலிருந்து மட்டும் இல்லை. சம்மதத்தை விருப்பமாக வையுங்கள். பெரும்பாலோர் தாமாகவே டிக் அடிப்பார்கள், மறதி என்பது அவர்களுக்கும் தெரிந்த வியாதிதான். படைவீரரிடம் சம்பளத்திலிருந்தே நேரடிப் பிடித்தம் எழுதித் தந்தால்தான் கடன் என்று நிபந்தனை போடவே கூடாது. படைவீரர் கடன் சட்டத்தில் அதற்குத் தனித் தடை இருக்கிறது.

7. இயக்குநர்கள்: அரசுத் துறைச் சங்கங்களில் குழு உறுப்பினர்களே கட்டாய விடுப்பில் இருப்பார்கள். அவர்களுக்கும் கடன் தரலாம். மற்றவர்களைவிட நல்ல நிபந்தனை தரக் கூடாது. தீர்மானத்தில் இதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

இந்தத் திட்டத்துக்குக் கணினியில் தனிக் கடன் வகைக் குறியீடு போடுவது பார்க்கச் சின்ன விஷயம். பொதுவான 'தனிநபர் கடன்' குறியீட்டில் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து எது முடக்கக் கடன் என்று தேடுவது நரகம். மேற்பார்வை நிர்வாகத்துக்குத் தரும் காலாண்டு 5300 அறிக்கைக்கும் தணிக்கைக்கும் இயக்குநர் குழுவுக்கும் எண்ணிக்கை கேட்பார்கள்.

தவணை ஒத்திவைப்பு

முன்கடனைவிட இது மலிவு, வேகம். ஆனால் உள்ளே கண்ணிகள் அதிகம்.

வட்டி நிற்பதில்லை என்பதை உறுப்பினருக்கு டாலரில் சொல்லுங்கள். 20,000 டாலர் பாக்கியுள்ள 7 சதவீத கார்க்கடனில் ஒரு மாதத் தவணையைத் தள்ளினால் சுமார் 117 டாலர் வட்டி கூடும். இரண்டு மாதம் என்றால் 233. 'கடைசியில் சேர்த்துக் கட்டுவீர்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், கடன் முடியும் மாதத்தில் சண்டைக்கு வருவார். நியாயமான சண்டை. வழக்கமாக ஒத்திவைப்புக்கு வாங்கும் கட்டணத்தை இப்போது வாங்கக் கூடாது.

அடுத்தது தேதி. அதிகாரி வாயால் 'சரி, தள்ளிவிட்டேன்' என்கிறார். கணினியில் அடுத்த தவணைத் தேதியை மாற்றவில்லை. 30 ஆம் நாள் தானியங்கிக் கோப்பு கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகிறது, உறுப்பினர் தவறியவர் ஆகிவிடுகிறார். ரகசிய அனுமதி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய கெடுதல் நாம் செய்ய முடியாது. ஒவ்வொரு மாதாந்திரக் கோப்பும் போகும் முன், ஒத்திவைப்புப் பட்டியலையும் பாக்கிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒருவர் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் கோப்பை நிறுத்துங்கள்.

தவணையைத் தானாக அனுப்பும் 'பில்-பே' வசதி மூலம் வேறு வங்கியிலிருந்து கட்டுபவர்களுக்கு நீங்கள் தேதியை மாற்றினாலும் பணம் கிளம்பி வந்துவிடும். அதை அவரே நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள். கூட்டுக் கடன்தாரர் இருந்தால் அவருக்கும் தகவல் போக வேண்டும். காருக்கு எடுத்த 'கேப்' பாதுகாப்பு (காப்பீட்டுத் தொகைக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டுவது), தள்ளிவைத்த தவணைகளைப் பல ஒப்பந்தங்களில் சேர்ப்பதில்லை. வண்டி நொறுங்கினால் அந்தத் தொகை உறுப்பினர் கையில்தான்.

வீட்டுக்கடனில் நிதானம். வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மாக் நிறுவனங்களுக்குக் கடனை விற்றிருந்தால் முடிவு உங்கள் கையில் இல்லை. அவர்களுடைய விதிப்படிதான் தவணையை நிறுத்திவைக்க முடியும். சொத்து வரிக்கும் வீட்டுக் காப்பீட்டுக்கும் பிடிக்கும் தொகை நின்றாலும் வரி நிற்காது. அதை நீங்கள் முன்பணமாகக் கட்டுவீர்கள், உறுப்பினரின் தவணை அடுத்த ஆண்டு உயரும்.

2019 ஜனவரியில் நிதி ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, முடக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களோடு நிதானமாக ஒத்துழைக்கச் சொன்னது. தணிக்கையாளர் முகம் சுளிப்பாரோ என்று தயங்கும் மேலாளருக்கு அது துணை. அதற்காக எழுத்துப் பதிவு இல்லாமல் செய்யலாம் என்று பொருளல்ல.

கட்டணம், ஓவர்டிராஃப்ட், வைப்பு

பட்டியலில் உள்ளவர்களுக்கு ஓவர்டிராஃப்ட் கட்டணம், தாமதக் கட்டணம் இரண்டையும் கணினியிலேயே குறியீடு போட்டு நிறுத்துங்கள். ஒவ்வொருவராக வந்து கெஞ்சி, முகப்பு ஊழியர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவது இரு தரப்புக்கும் அவமானம். ஓவர்டிராஃப்ட் வரம்பை உயர்த்துவதாக இருந்தால், எழுதிவைத்த கொள்கையில் அந்த உச்சவரம்பு இருக்க வேண்டும், எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்ற காலக்கெடு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கால வைப்பை முன்கூட்டி உடைப்பவருக்கு அபராதத்தை விட்டுக்கொடுக்கலாம். போட்ட முதல் ஆறு நாளுக்குள் எடுத்தால் மட்டும் விட முடியாது. வைப்பை உடைப்பதற்குப் பதில், அதையே ஈடாக வைத்துக் குறைந்த வட்டியில் கடன் தரலாமா என்று பாருங்கள். பழைய நல்ல வட்டி போகாமல் இருக்கும்.

ஓய்வூதியச் சேமிப்பான டி.எஸ்.பி.யில் கை வைப்பதாக யாராவது சொன்னால் ஒரு நிமிடம் நிறுத்தி உட்கார வையுங்கள். நெருக்கடிக் காரணத்தில் எடுத்தால் வருமான வரியும், 59½ வயதுக்குள் இருப்பவருக்குப் பெரும்பாலும் 10 சதவீத அபராதமும் உண்டு. அதற்கு முன் எடுக்க வேண்டிய படிகள் நம்மிடமே இருக்கின்றன.

நிலுவைச் சம்பளம் வராதவர்களுக்கு

ஒப்பந்த ஊழியருக்கு முதலில் தவணை ஒத்திவைப்பு. கடன் தேவை என்றால் 12 மாதத்துக்குக் குறையாத தவணைக் கடன், வட்டி உங்களால் முடிந்த அளவு கீழே. மேற்பார்வை நிர்வாகம் வைத்த உச்சவரம்பு 18 சதவீதம். சிறு தொகைக்கு, அடுத்த சம்பள நாள் வரைக்கும் கொள்ளை வட்டிக்குத் தரப்படும் பேடே கடனுக்கு மாற்றாக ஒழுங்குமுறை அனுமதித்த பி.ஏ.எல். கடன் இருக்கிறது. அதன் முதல் வகை 200 முதல் 1,000 டாலர் வரை, 1 முதல் 6 மாதம், ஒரு மாதமாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். இரண்டாம் வகை 2,000 டாலர் வரை, 12 மாதம் வரை, சேர்ந்த அன்றே தரலாம். இரண்டிலும் வட்டி 28 சதவீதம் வரை போகலாம், விண்ணப்பக் கட்டணம் 20 டாலரைத் தாண்டக் கூடாது, பழைய கடனைப் புதுக் கடனாகப் புரட்டி நீட்டிக்க முடியாது. 28 போகலாம் என்பதால் 28 போட வேண்டியதில்லை.

இவர்கள் உடனே மாநில வேலையின்மை உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல மாநிலங்களில் முதல் வாரம் காத்திருப்பு வாரம், தாமதித்தால் பணம் போகும். கட்டாய விடுப்பில் உள்ள அரசு ஊழியரும் எஸ்.எஃப்-8, எஸ்.எஃப்-50 படிவங்களோடு விண்ணப்பிக்கலாம். நிலுவைச் சம்பளம் வந்ததும் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும்.

உணவு உதவி வாங்கும் குடும்பங்களையும் மறந்துவிடாதீர்கள். சுமார் 4.2 கோடிப் பேர் நம்பியிருந்த எஸ்.என்.ஏ.பி. உணவு உதவி 2025 நவம்பர் 1 இல் தடைபட்டது. இவர்களில் பலர் அரசு வேலையில் இல்லாதவர்கள், உங்கள் சம்பளப் பட்டியலில் வரமாட்டார்கள். இவர்களுக்குக் கடனைவிட 211 என்ற உள்ளூர் உதவித் தொலைபேசி எண்ணும் அருகிலுள்ள உணவு வங்கியின் நேரமும் உதவும். படைக் குடும்பங்களுக்கு ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப், நேவி-மரைன் கார்ப்ஸ் ரிலீஃப் சொசைட்டி, கோஸ்ட் கார்டு மியூச்சுவல் அசிஸ்டன்ஸ் போன்ற அமைப்புகள் இருக்கின்றன.

முகப்பில்

உங்கள் கிளை அரசுக் கட்டடத்துக்குள் இருந்தால் முடக்கத்தில் கதவே திறக்காமல் போகலாம். மாற்றுக் கிளை, ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பும் வழி ஆகியவற்றை முன்பே முடிவு செய்யுங்கள்.

ஊழியர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும். முதல் கேள்வி, 'அடுத்த பதினைந்து நாளில் எந்தெந்தத் தவணை வருது?' இரண்டாவது, 'வேற இடத்துல கடன் ஏதாவது எடுத்துட்டீங்களா?' எந்தக் கட்சி மேல் தப்பு என்ற பேச்சுக்குள் போகக் கூடாது. 'சம்பளம் கண்டிப்பா அடுத்த வாரம் வந்துடும்' என்று ஆறுதலுக்காகக்கூடச் சொல்லக் கூடாது. வரிசையில் பத்துப் பேர் கேட்கும்படி ஒருவருடைய நிலைமையை விசாரிக்காமல் ஓரமாக ஒரு மேசை போடுங்கள். தனிப் பேச்சு என்றால்தான் கூச்சப்படுபவர் வாய் திறப்பார்.

மோசடிக்காரர்களுக்கு இது அறுவடைக் காலம். 'முடக்க நிவாரணக் கடன்' என்ற பெயரில் குறுஞ்செய்தி அனுப்பி ஒருமுறைக் கடவுஎண்ணைக் கேட்பார்கள். உங்கள் அறிவிப்பில் இணைப்பு எதுவும் வைக்காமல், 'செயலியில் உள்நுழைந்து பாருங்கள்' என்று மட்டும் எழுதினால் உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரியும்.

வீட்டுக்கடன் பிரிவுக்கு வேறு தலைவலி. வருமான வரித் துறையின் வரிப் பதிவு நகல் தாமதமாகலாம். ஊரக வீட்டுக்கடன் உத்தரவாதமும் சிறுதொழில் நிர்வாகக் கடன் ஒப்புதலும் நிற்கும். வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் அனுமதியும் கூடவே காலாவதியானால் புதிய பாலிசி கிடைக்காது. கையெழுத்துத் தேதி நெருங்கிய ஒவ்வொரு கோப்பையும் முதல் நாளே எடுத்துப் பாருங்கள்.

சம்பளம் திரும்பிய பிறகு

முடக்கம் முடிந்த மறுநாள் நிலுவை வராது. 2019 இலும் 2025 இலும் துறைவாரியாகச் சில நாட்களில் வந்து சேர்ந்தது. ஒரே வரவாகவும் வரலாம், இரண்டு மூன்றாகப் பிரிந்தும் வரலாம். முதல் வரவு விழுந்த நொடியில் மொத்தக் கடனையும் உருவிக்கொள்ளும்படி கணினியை அமைத்தால், அதே நாள் கிளம்பும் வாடகைக் காசோலை திரும்பும். ஒரு வரவில் பாதிக்கு மேல் பிடிக்காதபடி வரம்பு வையுங்கள். மீதி அடுத்த வரவில்.

பிடித்த பிறகு கணக்கை மூடியதற்கான செய்தி போக வேண்டும். இரண்டு வாரம் கழித்து, பாக்கி நிற்பவர்களை அழைத்துப் பேசுங்கள். பெரும்பாலும் சம்பளக் கணக்கு திருத்தம் நிலுவையில் இருக்கும். வேலையின்மை உதவி வாங்கியவர்களுக்கு மாநிலத்திலிருந்து திருப்பிக் கேட்கும் கடிதம் மெதுவாகத்தான் வரும், அதற்குள் அந்தப் பணம் செலவாகியிருக்கும். அந்தத் தொகையைத் தனிச் சேமிப்பில் ஒதுக்கிவைக்க இப்போதே சொல்லிவிடலாம்.

குழுவுக்கு அறிக்கை எழுதும்போது எத்தனை கடன், எவ்வளவு தொகை, எத்தனை திரும்பவில்லை என்பவற்றோடு, எத்தனை பேர் விண்ணப்பத்தைப் பாதியில் விட்டார்கள் என்பதையும் சேருங்கள். படிவத்தின் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்று பார்த்தால் எதைத் திருத்த வேண்டும் என்று புரியும்.

கடன் குறியீட்டை மட்டும் மூட வேண்டாம். 2025 நவம்பர் 12 இல் கையெழுத்தான சட்டம் பல துறைகளுக்கு 2026 ஜனவரி 30 வரைக்கும்தான் பணம் ஒதுக்கியது. இடைப்பட்ட 79 நாள், முன்கடனுக்கு வைத்த 90 நாள் காலக்கெடுவைவிடக்கூடக் குறைவு.